பம்ப்பா, சென்சாரா, சைலன்சரா?

பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களை அதிகம் அலைக்கழிக்கும் கோளாறு, வந்து வந்து போகும் இழுவைக் குறைவுதான். எஞ்சின் ஒரேயடியாகப் படுத்துவிட்டால்கூடத் தேவலை. பிரித்துப் பார்த்துக் காரணத்தைச் சொல்லிவிடலாம். இது அப்படிப்பட்டதில்லை. ஊருக்குள் ஓட்டும்வரை ஒன்றும் தெரியாது. பைபாஸில் லாரியைத் தாண்டப் போகும் நேரத்திலோ, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறிய பிறகோ, ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி இழுக்காது. ஓரங்கட்டிப் பத்து நிமிடம் விட்டால் பழையபடி கிளம்பிவிடும். பட்டறையில் நிறுத்தி எவ்வளவு ரேஸ் கொடுத்தாலும் கோளாறு தலைகாட்டாது. அப்புறம் பிளக் மாற்றுவார்கள், ஃபில்டர் மாற்றுவார்கள், காயில், பம்ப் என்று பில் ஏறும். அடுத்த மலைப்பயணத்தில் வண்டி மறுபடியும் நிற்கும்.

இதற்கு நம்மிடையே புழங்கும் விளக்கங்கள் நாலைந்து. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் ஆள் ஏமாறுகிறார். எதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று பார்த்துவிடுவது நல்லது. 2000-க்கும் 2010-க்கும் இடையில் வந்த எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வைத்த) பெட்ரோல் கார்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டாம் கை, மூன்றாம் கையாக வாங்கி ஓட்டும் குடும்பங்களிடம் இருப்பவை இவை. தேவையில்லாமல் மாற்றிய ஒரு பம்ப்பின் விலை அந்த வீடுகளில் ஒரு மாத பட்ஜெட்டையே புரட்டிப்போடும்.

முதலில் ஒதுக்கிவைக்க வேண்டிய சாட்சி, "நிறுத்தி வைத்தால் சரியாகிவிடுகிறது" என்பது. சொல்பவர் உண்மையைத்தான் சொல்கிறார். ஆனால் அது யாரையும் காட்டிக்கொடுக்காத சாட்சி. சூடேறி மயங்கிய பம்ப் பத்து நிமிடத்தில் தெளியும். சூட்டில் உள்ளே விட்டுப்போன கிராங்க் சென்சாரின் காயில் ஆறினால் மறுபடி சேரும். இக்னிஷன் காயிலும் அப்படித்தான். டேங்கின் அடியில் பம்ப்பின் வாய் வலையில் ஒட்டிய அழுக்கு, உறிஞ்சுதல் நின்றதும் விழுந்துவிடும். காற்றுத் துவாரம் அடைத்த டேங்குக்குள் மெல்லக் காற்று புகும். குற்றம் சாட்டக்கூடிய அத்தனை பேரும் ஓய்வு கொடுத்தால் குணமாகிறவர்கள் என்றால், குணமானதை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது.

முதல் விளக்கம், சூட்டில் பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது என்பது; அதற்காகப் பம்ப்பின்மேல் ஈரத்துணி போடும் வைத்தியத்தின் கதையும் இதுவே. பிரீமியர் பத்மினியிலும் கார்புரேட்டர் மாருதி 800-லும் பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு ஒட்டி இருந்தது. அது டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுக்கும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு. எஞ்சின் சூடு வேறு. பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிப் பம்ப் வெறும் ஆவியை அடித்துக்கொண்டிருக்கும். அங்கே ஈரத்துணி நல்ல வைத்தியம். எம்பிஎஃப்ஐ காரில் பம்ப் டேங்குக்குள் மூழ்கியிருந்து, ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில் பெட்ரோலை முன்னுக்குத் தள்ளுகிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும் என்பதால், ஓடிக்கொண்டிருக்கும்போது குழாயில் ஆவி கட்டுவது இங்கே அபூர்வம். இந்தக் கார்களில் துணி நனைத்துப் போட்டவருக்கு உதவியது பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடம்தான்.

இரண்டாவது விளக்கம் இப்போது எல்லார் வாயிலும் இருப்பது: எத்தனால் கலந்த பெட்ரோல். நாடு முழுக்கச் சராசரியாகப் பத்து சதவீதக் கலப்பு 2022 ஜூனில் எட்டப்பட்டது. 2023 பிப்ரவரியில் இருபது சதவீதம் கலந்த இ20 வந்தது, பிறகு வேகமாகப் பரவியது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. கலப்பில்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து இ10-க்குச் சரிசெய்த கார்களில் இ20 போட்டால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே மதிப்பிட்டது. ஆகவே மைலேஜ் போகிறது என்று புலம்பும் பழைய கார்க்காரரின் குறை நியாயமானது. அவரைப் பொய்யர் ஆக்குவது தவறு. ஆனால் அந்த இழப்பு காலையிலும் மாலையிலும், சமவெளியிலும் மேட்டிலும் ஒரே மாதிரி இருக்கும். பத்து நிமிட ஓய்வில் திரும்பி வராது.

எத்தனால் உள்ளே வருவது வேறு வழியில். பல வருடமாக டேங்கிலும் குழாயிலும் படிந்த பிசினை அது கரைத்துக் கிளப்புகிறது. கிளம்பியது பம்ப்பின் வலையிலும் ஃபில்டரிலும் போய் அடைகிறது. ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். நெடுநாள் ஓட்டாமல் நின்ற காரில் தண்ணீர் தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில் நின்றால் வண்டி திணறும். பெட்ரோல் குழாயைக் கழற்றி ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வைத்துப் பார்த்தால், அடியில் கோடு பிரிகிறதா, தூசி படிகிறதா என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். எத்தனாலைக் கூட்டாளி என்று சந்தேகிக்கலாம். முதல் குற்றவாளியாக நிறுத்த ஆதாரம் போதாது.

மூன்றாவது, ஸ்கேனர். "ஸ்கேன் போட்டுப் பார்த்தாச்சு, ஒண்ணும் காட்டல" என்ற வாக்கியத்துக்குப் பட்டறைகளில் இருக்கும் மரியாதை அளவுக்கு மீறியது. அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்தே கார் தன் கோளாறைத் தானே கண்காணித்துப் பதிய வேண்டும் என்ற கட்டாயம் உண்டு. இந்தியாவில் அந்தக் கட்டாயம் பிஎஸ் 4 விதிகளோடு 2010 ஏப்ரலில் முதல் படியாகவும், 2013 ஏப்ரலில் இரண்டாம் படியாகவும்தான் வந்தது. 2006-இல் வந்த காரின் இசியூவுக்கு (எஞ்சின் கம்ப்யூட்டருக்கு) மிஸ்ஸிங்கைக் கணக்கெடுக்க வேண்டிய சட்டக் கடமையே கிடையாது. சென்சார் வயர் அறுந்ததா, ஷார்ட் ஆனதா என்று பார்ப்பதோடு பலவற்றில் வேலை முடிந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த எஞ்சின்களில் பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் சென்சார் இல்லை. பம்ப்பின் அழுத்தம் 3 பாரிலிருந்து 2-க்கு இறங்கினாலும் கம்ப்யூட்டர் அதை நேரடியாகப் பார்க்காது. ஸ்கேனரில் கோடு (கோளாறுக் குறியீடு) இல்லை என்பதால் கோளாறு இல்லை என்று ஆகிவிடாது.

கோடு வந்தாலும் ஆபத்து உண்டு. பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு என்று பொருள். அதைப் பார்த்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுகிறார்கள். அந்த சென்சார் பெட்ரோலை எண்ணுவதில்லை, புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை மட்டுமே பார்க்கிறது. ஒரு சிலிண்டரில் பிளக் பொறி விடாமல் போனால், அங்கே போன காற்று எரியாமல் அப்படியே வெளியே வரும். சென்சார் அதைப் பார்த்துவிட்டு "பெட்ரோல் பத்தவில்லை" என்று சொல்லும். இசியூ இன்னும் கொஞ்சம் ஊற்றும். குற்றம் காயிலில், மாட்டிக்கொண்டது சென்சார். கோடு என்பது அறிகுறியின் பெயர், பாகத்தின் பெயராக அதைப் படித்தால் பணம் போகும்.

ஸ்கேனரைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அதன் லைவ் டேட்டா கிடைக்கும் காரில் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. இசியூ எவ்வளவு பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிறது என்ற சதவீதத்தை ஐடிலிங்கில் ஒரு முறையும், பாரத்தோடு ஓடும்போது ஒரு முறையும் பார்க்க வேண்டும். எங்கோ காற்று ஒழுகினால் ஐடிலிங்கில் அது அதிகமாக இருந்து, வேகம் கூடக் கூடக் குறையும். பெட்ரோல் வரத்துப் பத்தாவிட்டால் நேர் எதிர்: ஐடிலிங்கில் சாதாரணம், மேட்டில் 20 சதவீதத்தையும் தாண்டும். கோடுகளைவிட இந்த ஒரு ஒப்பீடு மதிப்பு மிக்கது.

நான்காவது, மாற்றிப் பார்க்கும் முறை. இதைத் திட்டுவது எளிது. ஆனால் இது நீடிப்பதற்குக் காரணம் மெக்கானிக்கின் அறியாமை மட்டுமில்லை. மூன்று மணி நேரம் செலவழித்துக் கோளாறைக் கண்டுபிடித்து, "எர்த் கழன்றிருந்தது, முடுக்கினேன்" என்று சொல்பவருக்கு நாம் நூறு ரூபாய் கொடுக்கவே யோசிக்கிறோம். ஸ்பேர் மாற்றிப் பழையதைக் கையில் கொடுத்தால் கேட்ட பணத்தை எடுத்து வைக்கிறோம். கண்டுபிடிப்புக்குக் கூலி இல்லாத இடத்தில் ஸ்பேர் விற்கத்தான் செய்யும்.

மாற்றுவது நியாயமான இடங்களும் உண்டு. கிலோமீட்டர் கணக்குப்படி மாற்ற வேண்டிய பிளக், பெட்ரோல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் ஆகியவற்றை மாற்றியே ஆக வேண்டும். காயில் சிலிண்டருக்கு ஒன்றாக இருக்கும் காரில், முதல் சிலிண்டரின் காயிலை மூன்றாவதில் போட்டு மிஸ்ஸிங் கூடவே இடம் மாறுகிறதா என்று பார்ப்பது செலவில்லாத, தீர்மானமான சோதனை. மற்றபடி இந்த முறையின் பெரிய குறை, அது பொய்யான வெற்றியைக் கொடுத்துவிடும் என்பதுதான். பம்ப்பை மாற்றும்போது அதன் கனெக்டரைக் கழற்றி மாட்டுகிறோம். பச்சை பிடித்த பின்கள் உரசிச் சுத்தமாகின்றன. வண்டி சில வாரம் நன்றாக ஓடுகிறது. புது பம்ப்புக்குப் பேர் கிடைக்கிறது. பின் மறுபடியும் கறுத்ததும் கோளாறு திரும்ப, "சென்னை ஜி.பி. ரோட்டில் வாங்கியது டூப்ளிகேட்" என்று இன்னொரு பம்ப் வாங்குகிறோம். இரண்டு பம்ப்பும் நல்ல பம்ப்பாகவே இருந்திருக்கலாம்.

இந்த வயர் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் அனுபவமுள்ளவர்களும் வழுக்குகிறார்கள். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து வயரைத் தொட்டுப் பார்த்து, கிட்டத்தட்ட சைபர் காட்டியதும் "வயரிங் ஓகே" என்று சொல்லிவிடுகிறார்கள். பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒன்று மிச்சமிருந்தாலும் மீட்டர் அப்படித்தான் காட்டும், ஏனென்றால் அது அனுப்பும் கரன்ட் மிகச் சிறியது. பம்ப் இழுப்பதோ சுமார் 5 ஆம்பியர். கறுத்துப்போன ஒரு ஜாயின்டில் வெறும் அரை ஓம் தடை இருந்தால், அந்தக் கரன்டில் அங்கேயே 2.5 வோல்ட் தின்றுவிடும். ஆல்டர்னேட்டர் 13.8 கொடுத்தாலும் பம்ப்புக்கு எட்டுவது 11.3. அந்த இடம் சூடேறும். சூடேறினால் தடை இன்னும் கூடும். வயதான பம்ப் சமவெளியில் இதைச் சமாளித்துவிடும், மூன்றாவது கியரில் நீளமாக ஏறும்போது சமாளிக்காது. அரை ஓம் என்பது மீட்டரின் வயர்களே காட்டும் தடைக்கு மிக அருகில் இருப்பதால், ஓம்ஸில் பார்ப்பவருக்கு அது கண்ணில் படாது.

சரியான சோதனை இது: பம்ப் ஓடிக்கொண்டிருக்க, மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவிலும் மறுமுனையை பம்ப்பின் பாசிட்டிவ் பின்னிலும் தொட வேண்டும். காட்டுவது அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எர்த் பக்கமும் அதே மாதிரி. பல கார்களில் பம்ப் கனெக்டர் பின் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. சீட்டைத் தூக்கினால் போதும். ஒரு பம்ப் விலையில் சிறு பகுதிதான் மீட்டரின் விலை.

ஆனால் எல்லாச் சோதனைக்கும் முன்னால் வர வேண்டியது ஓட்டியவரின் வாக்குமூலம். எப்போது என்று கேட்கிறோம், எப்படி என்று கேட்பதில்லை. சுவிட்சைத் தட்டியதுபோல் பட்டென்று எஞ்சின் அணைந்து, வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே ஆர்பிஎம் முள் சைபருக்கு விழுந்தால், அது மின்சாரக் கோளாறு. கிராங்க் சென்சார், அதன் கனெக்டர், மெயின் ரிலே, இக்னிஷன் சுவிட்ச் இவற்றுக்குள் தேடலாம். பாரம் ஏற ஏறச் சோர்ந்து, முன்னும் பின்னும் ஆட்டி, காலைக் கொஞ்சம் எடுத்தால் சமாளித்துக்கொண்டு ஓடினால், பெட்ரோல் வரத்து. பாரத்தில் கூர்மையாக வெட்டி வெட்டி உதறினால், பொறி. ஆட்டமும் இல்லை, வெட்டும் இல்லை, ஆனால் மூச்சு முட்டியதுபோல் ஒரு வேகத்துக்குமேல் போகவே மறுத்தால் சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் உள்கூடு உடைந்து துண்டுகள் இடம் மாறினால் அந்த அடைப்பும் வந்து வந்து போகும். பட்டறைகளில் கடைசியாக நினைவுக்கு வருவது இதுதான் என்பது வருத்தம். முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் பிரஷர் கேஜை மாட்டினால், 2500 ஆர்பிஎம்மில் 0.2 பாரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அடைப்பு.

மலையேறுபவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான், எஞ்சினின் சக்தியும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு இறங்கும். அது எந்தக் காருக்கும் இயற்கை; சிறிய எஞ்சினில் நன்றாகவே தெரியும். சீராக இருந்து, இறங்க இறங்கத் திரும்பி வந்தால் அதற்கு மருந்து தேட வேண்டாம்.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது என் தீர்ப்பு இது. பாரத்தில் சோர்ந்து ஓய்வில் மீளும் பழைய எம்பிஎஃப்ஐ காரில் முதல் சந்தேகம் பெட்ரோல் வரத்து. அதற்குள்ளும் பம்ப்பைத் தொடுவதற்கு முன் அதற்குப் போகும் மின்சாரம். பட்டென்று அணையும் காரில் முதல் சந்தேகம் கிராங்க் சென்சாரும் அதன் இணைப்பும். இரண்டிலும், கோளாறு நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் எடுத்த ஓர் அளவாவது கையில் இல்லாமல் விலை உயர்ந்த எந்தப் பாகத்தையும் மாற்றக் கூடாது.

அந்த அளவை எடுக்கும் வழி பழைய வழிதான். பெட்ரோல் குழாய் இன்ஜெக்டர்களின் ஃபியூயல் ரெயிலில் சேரும் இடத்தில் டி-ஜாயின்ட் போட்டு ஒரு பிரஷர் கேஜை இணைத்து, அதன் ஹோஸை பானட் ஓரம் வழியாக வெளியே எடுத்து, முன் கண்ணாடியின் வெளிப்புறத்தில் டேப்பால் ஒட்டி ஓட்டுவது. கேஜை உள்ளே கொண்டுவரக் கூடாது. கசிந்தால் மடியில் பெட்ரோல். குழாயைத் திறக்கும் முன் பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிட்டு எஞ்சினை அதுவாக அணையவிட்டு அழுத்தத்தை இறக்க வேண்டும். ஹோஸ் எக்ஸாஸ்ட் பக்கம் போகாமல் கட்டி, தீயணைப்பான் ஒன்றை வண்டியில் வைத்துக்கொண்டு, தெரிந்த மெக்கானிக்கோடுதான் போக வேண்டும். ஒருவர் ஓட்ட, மற்றவர் முள்ளையும் பம்ப் வோல்ட்டையும் பார்த்துக்கொண்டு வரலாம். டேங்கில் கால்வாசி பெட்ரோல், நீளமான ஏற்றம், மதிய வெயில்: கோளாறு எந்த நிலையில் வந்ததோ அதே நிலை வேண்டும்.

வண்டி சோரும் கணத்தில் முள் என்ன செய்கிறது என்பதில் வழக்கு முடிந்துவிடுகிறது. அழுத்தம் இறங்கி வோல்ட்டும் இறங்கினால் வயர், ரிலே, எர்த். அழுத்தம் இறங்கி வோல்ட் சரியாக இருந்தால் வலை, ஃபில்டர் அல்லது பம்ப். அந்த நேரத்தில் ஓரங்கட்டி எஞ்சின் ஓடும்போதே டேங்க் மூடியை யாராவது திறக்க, புஸ்ஸென்று காற்று உள்ளே போய் முள் உடனே நிமிர்ந்தால் பம்ப் நிரபராதி, காற்றுத் துவாரம்தான் அடைத்திருக்கிறது. முள் அசையாமல் நிற்க, வண்டி மட்டும் சோர்ந்தால் பெட்ரோல் பக்கத்தையே மூடிவிட்டுப் பொறிக்கும் சைலன்சருக்கும் போகலாம். ஸ்பேர் எதுவும் வாங்காமல், ஒரே மதியத்தில் சந்தேகப் பட்டியல் பாதியாகிறது.

இந்தத் தீர்ப்புக்கு எல்லை உண்டு. மாதத்துக்கு ஒருமுறை மட்டும் வரும் கோளாறை கேஜ் மாட்டிக்கொண்டு காத்திருந்து பிடிக்க முடியாது. அப்படிப்பட்ட காரில் காசு செலவில்லாத வேலைகளை முதலில் முடிப்பதே சரி: எர்த் பாயின்டுகளைச் சுரண்டி முடுக்குவது, பம்ப், கிராங்க் சென்சார் கனெக்டர்களைச் சுத்தம் செய்வது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. ஒன்றைச் செய்து, ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். ரிசர்வில் ஓட்டும் பழக்கத்தையும் விட வேண்டும். டேங்கில் பம்ப்பைச் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் அதைக் குளிரவைக்கிறது. அடியில் கிடக்கும் அழுக்கும் தண்ணீரும் வலைக்கு வருவதும் டேங்க் வறளும்போதுதான்.

மெக்கானிக்கிடம் வண்டியை விடும்போதே, "கண்டுபிடிப்பதற்குத் தனியாகக் கூலி தருகிறேன், அளந்த எண்ணை எழுதிக் கொடுங்கள்" என்று பேசிவிட வேண்டும். சோர்ந்தபோது அழுத்தம் இவ்வளவு, வோல்ட் இவ்வளவு என்று ஒரு தாளில் இருந்தால், அடுத்த பட்டறைக்கும் அது உதவும். பழுது பார்த்த பிறகு தெருமுனைவரை ஓட்டிக் காட்டியதை ஏற்றுக்கொள்ளக் கூடாது. அதே கேஜ் மாட்டிய நிலையில், அதே கால்வாசி டேங்கோடு, அதே ஏற்றத்தில் ஏறி, முன்பு 2-க்கு இறங்கிய முள் இப்போது 3-இல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முழுக் கூலியையும் கொடுக்க வேண்டும்.